மூன்று இழுப்பு, ஒரு பதில்

பேய் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று யார் சொன்னது? இது நடந்தது பட்டப்பகலில். போன மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை, மதியம் இரண்டு பத்துக்கும் இரண்டு ஐம்பத்தெட்டுக்கும் நடுவில். வெள்ளைச் சேலை கிடையாது, கொலுசுச் சத்தம் கிடையாது. அதையெல்லாம் எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். இது கிளைட்டனுக்கு நடந்தது. அவன் வாயால் கேட்டேன். அவனோடு இருந்த இரண்டு பேரிடமும் தனித்தனியாக விசாரித்தேன். அன்றைய ஒலிப்பதிவை ஹெட்போன் மாட்டி ஒன்பது தடவை கேட்டேன். அதற்குப் பிறகுதான் எழுதுகிறேன். காதில் பூ சுற்றுகிறேன் என்று நினைப்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டு நினைக்கட்டும்.

கிளைட்டன் தூத்துக்குடி திரேஸ்புரத்துக்காரன். வயது முப்பத்து நாலு. பகலில் கயிறு, சாயங்காலம் ட்ரம்ஸ். அவ்வளவுதான் அவன் பிழைப்பு. அவன் தம்பி ஜோன்ஸ் சங்கு குளிக்கிறவன். எட்டு பாகம், அதாவது ஏறக்குறைய ஐம்பது அடி ஆழத்தில், வாயில் ரப்பர் குழாயைக் கடித்துக்கொண்டு, மணலைத் தடவித் தடவிச் சங்கு பொறுக்குவான். மேலே படகில் எஞ்சின் ஓடி அந்தக் குழாய்க்குக் காற்று அனுப்பும். ஜோன்ஸின் இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை அண்ணன் கையில். மூன்று வருஷமாக ஒரு நாள்கூட அந்தக் கயிற்றை வேறொருவர் பிடித்ததில்லை.

தண்ணீருக்கடியில் பேச முடியாது இல்லையா? கயிறுதான் பேச்சு. கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வரும். மேலேயிருந்து பதிலுக்கு ஒன்று போகும். கீழேயிருந்து மூன்று வந்தால், என்னைத் தூக்கு. அதற்கும் மேலேயிருந்து ஒன்றுதான் பதில். கேட்டுவிட்டது, இழுக்கப் போகிறேன், நீ அசையாதே.

இந்த 'அசையாதே' கிளைட்டன் வைத்த சட்டம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜோன்ஸ் பயந்துபோய்த் தானாகவே விறுவிறுவென்று மேலே வந்துவிட்டான். ஆழத்திலிருந்து அப்படி வரக்கூடாது. மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு, இடது கை மூன்று மாதம் மரத்துப்போய்க் கிடந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலேயே கிளைட்டன் தம்பியிடம் மாதா பேரில் சத்தியம் வாங்கினான்.

"மூணு குடுத்து, என் பதில் வந்துட்டா, நீயா வரப்படாதுல. நான்தான் மெதுவா கொண்டாருவேன்."

அதற்குப் பிறகு ஜோன்ஸ் ஒரு தடவைகூடச் சத்தியத்தை மீறவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கிளைட்டனின் இழுப்புக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. ட்ரம்ஸ் அடிக்கிறவர்கள் பெரிய அடிக்கு முன்னால் ஒரு பொடி அடியை ஒட்ட வைப்பார்கள். டு-டம். கயிற்றைப் பிடித்தாலும் அவன் கை அப்படித்தான் இழுக்கும். ஒரு சுண்டு, உடனே ஒரு இழுப்பு. கண்ணைக் கட்டிவிட்டாலும் அண்ணன் கையைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று ஜோன்ஸ் எல்லோரிடமும் பீற்றிக்கொள்வான். தண்ணீருக்குள் தன்னோடு குளிக்கிறவர்களிடம் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், இரண்டு முஷ்டியாலும் ட்ரம் அடிப்பதுபோல் காட்டுவான்.

சரி, ட்ரம்ஸுக்கு வருவோம். மூன்று பேர் சேர்ந்து நாலு வருஷமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். கிளைட்டன் ட்ரம்ஸ். பேஸ் கிட்டார் அச்யுதன். ஆழ்வார்திருநகரிக் குடும்பம், சாகுபுரம் ஆலையின் ஆய்வகத்தில் வேலை. சாக்ஸபோன் விஜிலா. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், அப்பாவின் பேண்டு செட்டிலேயே வளர்ந்தவள். அவர்கள் வாசித்தது ஃப்ரீ ஜாஸ். பயப்பட வேண்டாம், விளக்கம் சுலபம். ராகம், தாளம், எப்போது ஆரம்பம், எப்போது முடிவு என்று எதையும் முன்கூட்டிப் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் ஏதாவது செய்வார், மற்ற இருவரும் அந்த நிமிஷத்தில் தோன்றிய பதிலைச் சொல்வார்கள். ஊரில் கேட்டவர்கள் 'எப்ப பாட்டு ஆரம்பிக்கும்?' என்றுதான் கேட்டார்கள். மூவரும் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. ஒரு ஆல்பம். சாவதற்குள் ஒரே ஒரு ஆல்பம். அவ்வளவுதான் ஆசை.

ஒலிப்பதிவுக்கு அச்யுதன் வகுத்த விதிகள் இரண்டு. ஒரே மூச்சில் பதிவு. வாசிப்பு தானாக அடங்கும்வரை யாரும் நிறுத்தக்கூடாது. இரண்டாவது, வருகிற சத்தம் எதையும் தள்ளக்கூடாது. தும்மல் வந்தாலும் அதற்கும் பதில் வாசிக்க வேண்டும்.

விஜிலாவின் உறவுக்காரர் ஒருவருக்கு உப்பளத்து ஓரம் ஒரு பழைய குடோன் இருந்தது. உப்பு மூட்டை போன பிறகு காலி. கை தட்டினால் சத்தம் நாலு விநாடி நிற்கும். ஆனால் திங்கட்கிழமை கூரையைப் பிரிக்கிறார்கள். அச்யுதனுக்கு விடுமுறை சனிக்கிழமை மட்டும். அந்த ஒரு நாளை விட்டால் கிடையாது. கிளைட்டன் மூன்று நாள் தயங்கினான். கடைசியில் ஜோன்ஸ்தான் துரத்தினான்.

"போ அண்ணே. ஒரு நாளைக்கு கடல் உன்னத் தேடாது."

கயிறு பிடிக்க ஆலந்தலையிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளைட்டன் அவருக்கு எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னான். ஒன்றுக்கு என்ன, மூன்றுக்கு என்ன. முக்கியமாக, மதியத்துக்குமேல் காற்று திரும்பும். திரும்பினால் எஞ்சின் புகை, காற்றை உறிஞ்சுகிற குழாயின் வாய்ப்பக்கம் போய்விடும். உடனே அந்த வாயைத் திருப்பி வைக்க வேண்டும். அவர் தலையாட்டினார். ஜோன்ஸோடு கூடக் குளிக்கப் போகிறவர் தொம்மை. இருபது வருஷ அனுபவம். பயப்பட ஒன்றுமில்லை என்று கிளைட்டன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

குடோனில் அச்யுதன் மூவரின் செல்போனையும் வாங்கி, வெளியே நின்ற காரில் வைத்துப் பூட்டினான். கிளைட்டனுக்குப் படகுப் பழக்கம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தான். வாட்சை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டுவதும் படகுப் பழக்கம்தான். அதனால்தான் ஒவ்வொரு நேரத்தையும் அவனால் சரியாகச் சொல்ல முடிந்தது.

இரண்டு பத்து. அச்யுதன் மைக்கில் நேரத்தைச் சொன்னான். சிவப்பு விளக்கு எரிந்தது. விஜிலா ஒரே சுரத்தை மூச்சு முட்டும்வரை பிடித்தாள். அச்யுதன் கம்பியை நகத்தால் சுரண்டினான். கிளைட்டன் குச்சியை எடுக்கவே இல்லை. உள்ளங்கையால் சிம்பல் தட்டைத் தடவினான். நல்ல ஆரம்பம்.

இரண்டு பதினாறு. ஸ்ஸ்ர்ர்ர்...

ஸ்நேர் ட்ரம்மின் அடியில் சுருள் கம்பிகள் உண்டு. பக்கத்தில் பெரிய சத்தம் வந்தால் தானாக அதிரும். எல்லா ட்ரம்மும் செய்கிற சேட்டை. ஆனால் அன்றைக்கு அவன் அந்தக் கம்பிகளை முன்பே தளர்த்திவிட்டிருந்தான். தளர்ந்த கம்பி அதிராது. குனிந்து பார்த்தான். தளர்ந்துதான் இருந்தது. அதிர்ந்துகொண்டும் இருந்தது. சீராக, விட்டுவிட்டு, தூரத்தில் படகு எஞ்சின் ஓடுவதுபோல.

இரண்டு இருபத்தொன்று. பெரிய ட்ரம்முக்குள் வைத்த மைக்கின் வயர் அவன் இடது காலடியில் ஓடியது. அது ஒரு தடவை இழுபட்டது.

யாராவது மிதித்திருப்பார்களோ என்று நிமிர்ந்தான். மற்ற இருவரும் பத்தடி தள்ளி நின்றார்கள். விஜிலா கண்ணை மூடியிருந்தாள். கிளைட்டன் யோசிக்கும் முன்பே கை பதில் சொல்லிவிட்டது. டு-டம். விஜிலா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அச்யுதனும் சேர்ந்தான். நாலு வருஷத்தில் அவர்கள் மூவரும் அப்படி வாசித்ததில்லை. விஜிலாவே பிறகு சொன்னாள், நாலாவதாக யாரோ கூட வாசிப்பதுபோல் இருந்தது என்று.

இரண்டு முப்பத்தொன்று. இன்னொரு இழுப்பு. பத்து நிமிஷம், ஒரு விநாடி பிசகவில்லை. கிளைட்டனுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்ததாம். தம்பி நன்றாக இருக்கிறான். டு-டம்.

இரண்டு நாற்பத்தொன்று. இழுப்பு வந்தது. பலம் குறைந்திருந்தது. பதில் கொடுத்தான். அப்போதுதான் அந்த வாடை. டீசல் புகை. கதவெல்லாம் சாத்திய குடோனில்... மூக்கில் ஏறி, நெற்றியில் விண்விண் என்று தெறித்தது. மற்ற இருவரையும் பார்த்தான். அவர்கள் முகம் சுளிக்கவில்லை.

இரண்டு நாற்பத்தேழு.

ஒன்று... இரண்டு... மூன்று.

அவன் கை நின்றுவிட்டது.

நிறுத்திவிட்டு ஓட வேண்டும். கார் வாசலில்தான் நிற்கிறது. போன் அதற்குள் இருக்கிறது. ஐம்பது தப்படிகூட இல்லை.

விஜிலாவைப் பார்த்தான். கன்னத்தில் கண்ணீர் ஓட வாசித்துக்கொண்டிருந்தாள். இந்த இடத்துக்கு வரத்தான் நாலு வருஷம். இன்னொரு தடவை வராது. குடோனும் இருக்காது.

இது வயர். கயிறு இல்லை. ஒரு நாள் கடலுக்குப் போகாததற்கு மனசு பயம் காட்டுகிறது. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

வருகிற எதையும் தள்ளக்கூடாது. பதில் சொல்.

டு-டம்.

இரண்டு நாற்பத்தொன்பது. ஒன்று... இரண்டு... மூன்று. முன்னைவிட மெதுவாக.

டு-டம்.

இரண்டு ஐம்பத்திரண்டு. ஒன்று...

...இரண்டு...

...

...மூன்று.

டு-டம்.

அதன் பிறகு காத்திருந்தான். ஸ்நேர் கம்பியின் அதிர்வு நின்றது.

இரண்டு ஐம்பத்தைந்து. வயர் ஒரே ஒரு தடவை அசைந்தது. இழுப்பு இல்லை. கைநழுவினால் கயிறு அப்படித்தான் அசையும் என்று அவனுக்குத் தெரியும்.

பிறகு தொய்ந்துவிட்டது.

இரண்டு ஐம்பத்தெட்டுக்கு வாசிப்பு தானாக அடங்கியது. சிவப்பு விளக்கு அணைந்தது. விஜிலா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இனிமேல் ஒன்றும் வாசிக்காவிட்டாலும் போதும் என்றாள். அச்யுதன் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தான். கிளைட்டன் குனிந்து வயரைத் தொட்டான். நனைந்திருந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு. அது உப்புக் குடோன், தரை வேர்க்கத்தான் செய்யும் என்று அச்யுதன் இன்றைக்கும் சொல்கிறான். இருக்கலாம்.

மூன்று ஒன்றுக்கு கிளைட்டன் காரிலிருந்து போனை எடுத்தான். ஆலந்தலைக்காரருக்கு அடித்தான். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். மறுபடி... மூன்று பத்தொன்பதுக்கு அங்கிருந்து போன் வந்தது.

"ஜோன்ஸ தூக்கிட்டோம். நீ வா."

"பேசுதானா?"

"நீ வா தம்பி."

ஜோன்ஸ் பேசவில்லை. இனிமேல் பேசப்போவதும் இல்லை. இரத்தத்தில் புகை என்று டாக்டர்கள் எழுதினார்கள். காற்று திரும்பியிருக்கிறது, ஆலந்தலைக்காரர் கவனிக்கவில்லை. அந்தத் தப்பை அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் கயிற்றைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவர் ஒரே பிடியாக நின்றார். கயிறு கடைசிவரை என் கையில்தான் இருந்தது, மதியத்துக்குமேல் அது ஒரு தடவைகூட அசையவில்லை என்றார். பத்து நிமிஷ இழுப்பு வராததை, சங்கு பொறுக்கும் மும்முரம் என்று நினைத்துவிட்டாராம். தூங்கிவிட்டான், பொய் சொல்லுதான் என்று ஊரே காறித் துப்பியது. கடற்கரையில் வைத்து இரண்டு பேர் அடித்தார்கள். அவர் சொல்வது பொய் இல்லை என்று தெரிந்தவன் ஒருவன்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. எந்த முகத்தோடு திறப்பான்?

பதிவைக் கேட்டுப் பார்த்தான். அதில் எஞ்சின் அதிர்வு இல்லை. வயர் இழுபட்ட தட்டல் இல்லை. அச்யுதனுக்கும் விஜிலாவுக்கும் அப்படி எதுவும் கேட்டிருக்கவில்லை. கிளைட்டனின் பதில்கள் மட்டும் பதிவாகியிருந்தன. ஆறு டு-டம். ஒவ்வொன்றும் வாட்சில் பார்த்த அதே நேரத்தில்.

ஆல்பத்தை வெளியிடச் சொன்னது கிளைட்டன்தான். தம்பி ஆசைப்பட்டானே என்று. ஜோன்ஸின் பேருக்குக் காணிக்கை என்று முதல் வரியில் போட்டு அச்யுதன் இணையத்தில் ஏற்றினான். கேட்டவர்கள் கொஞ்சம் பேர். எங்கோ வெளிநாட்டில் ஒருவர் எழுதியிருந்தார், முப்பத்தேழாவது நிமிஷத்தில் ட்ரம்ஸ்காரர் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுத் தரும் அந்த ஒற்றைப் பதிலைப்போல் இதமான ஒன்றை நான் கேட்டதே இல்லை என்று.

ஜோன்ஸின் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் வீட்டு முன்னால் போட்ட பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். ஜோன்ஸின் மனைவி கிரேசி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். தம்ளரைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அத்தான், நீங்க அன்னைக்கு படகுல இருந்திருந்தா அவுக செத்திருக்க மாட்டாக."

குற்றமாகச் சொல்லவில்லை. அவள் அவனை அவ்வளவு நம்பினாள்.

அவள் போனதும் தொம்மை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் அன்றைக்குப் புகை ஏறியிருந்தது. தலை வலித்து, தானாகவே மெதுவாக மேலே வந்து, படகுப் பலகையில் வாந்தியெடுத்து மயங்கிவிட்டார். நினைவு தெளிந்து ஜோன்ஸைத் தூக்கச் சொன்னபோது மணி மூன்று ஐந்து. பத்து நாள் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

"கிளைட்டா, ஒண்ணு சொல்லணும்ல. பொகையில நானா நெனச்சுக்கிட்டேனோன்னு இத்தன நாளு இருந்துட்டேன்."

கிளைட்டன் திரும்பிப் பார்த்தான்.

"நான் மேல வாரப்போ அவனப் பாத்தேன். மணல்ல முட்டி போட்டு இருந்தான். மேல வாடான்னு கை காட்டினேன். மாட்டேன்னுட்டான். கயித்தத் தொட்டுக் காட்டினான், பதில் வந்துட்டுன்னு. யாரு கயித்தப் பிடிச்சிருக்கான்னு எனக்குத் தெரியும்லா, அதான் மறுபடியும் கூப்பிட்டேன். அவன் சிரிச்சான்ல..."

தொம்மை காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். அதற்குமேல் வாயால் சொல்லவில்லை. இரண்டு கையையும் முஷ்டி பிடித்து, மெதுவாக, ட்ரம் அடித்துக் காட்டினார்.